செண்பகவடிவுக்குப் பின்னால் வந்த மலை

கொம்பன்தீவில் கடல் கொந்தளித்து லாஞ்சிப் படகு நின்றுபோன ஓர் ஆடி மாதத்தில், மலை ஒன்று ஒரு பெண்ணுக்குப் பின்னால் நடந்து தீவைச் சுற்றி வந்தது என்பதை அந்தத் தீவுக்காரர்கள் இன்றைக்கும் மழை பெய்தது, மீன் பட்டது என்று சொல்வதைப் போலத்தான் சொல்வார்கள். அதில் அவர்களுக்கு விளங்காதது ஒன்றும் இல்லை. அவர்களுக்குக் கடைசிவரை விளங்காமல் போனது அந்தப் பெண்ணின் புருஷன்தான்.

அவன் பெயர் சந்தனராஜ். தூத்துக்குடிப் பக்கம் பந்தல் சாமான் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தான். ஆறடி ஆள், சவுக்குக் கம்பை ஒற்றைக் கையால் தூக்கி நடுவான், குடி கிடையாது, சொன்ன நேரத்துக்குப் பந்தல் நிற்கும். குறை என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான்: பெண்டாட்டி செண்பகவடிவு அவனைத் தவிர வேறெதையாவது பார்த்துச் சிரித்துவிட்டால் அவனுக்கு அடிவயிற்றில் சூடேறும். காய்கறி வண்டிக்காரர் சொன்ன பகடிக்கு அவள் சிரித்துவிட்டால் அன்றைக்கு முழுக்கக் கடைக்குள் அண்டாக்களை இடம் மாற்றி அடுக்குகிற சத்தம் கேட்கும். பக்கத்து வீட்டுப் பூனை அவள் மடியில் ஏறிப் படுத்தால், பூனைமுடி நெஞ்சுக்கு ஆகாது என்று பொதுவாகச் சுவரைப் பார்த்துச் சொல்வான். சண்டை போடமாட்டான், கை நீட்டமாட்டான், என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டான். ஈர விறகு மாதிரி உள்ளுக்குள்ளேயே புகைந்துகொண்டு கிடப்பான். வடிவு அவனுக்கு மாமா மகள், சின்னதிலிருந்து பார்த்தவள். அண்டாச் சத்தம் எழுந்தால் இன்றைக்கு யாரைப் பார்த்து நாம் சிரித்தோம் என்று யோசித்துப் பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள்.

கொம்பன்தீவு அம்மன் கோவில் கொடை விழாவுக்குப் பந்தல் போடும் வேலை வந்தபோது, பாத்திரம் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குகிற ஆளுக்குக் காய்ச்சல். அதனால் மகளை அம்மா வீட்டில் விட்டுவிட்டு வடிவே வந்தாள். கொடை முடிந்தது, பந்தல் பிரித்தார்கள், குட்டியானை என்று எல்லோரும் சொல்கிற அந்தச் சின்ன லோடு வண்டியில் சாமான்களை ஏற்றிக் கட்டினார்கள், துறைக்குப் போனால் கடல் வெள்ளை வெள்ளையாகப் பொங்கிக்கொண்டிருந்தது. லாஞ்சி எப்போது ஓடும் என்று கேட்டதற்கு, கடல் எப்போது படுக்குதோ அப்போது என்றார்கள். கோவில்காரர்கள் ஓர் அறை ஒழித்துத் தருவதாகச் சொன்னார்கள். சந்தனராஜ் அதற்குத் தலையாட்டப் போகும் சமயத்தில், மடித்த தார்ப்பாய்க் கட்டின் மேல் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த வடிவு பேசினாள்.

“அத்தான், நம்மகிட்ட தார்ப்பாய் இருக்கு, அடுப்பு இருக்கு, அரிசி மிச்சம் கிடக்கு. ஊரான் உக்கார ஊர் ஊரா போயி நிழல் போடுதோம். நமக்குன்னு ஒருநாள் போட்டதுண்டா? இந்தத் தீவை ஒரு சுத்துச் சுத்திட்டு வருவோம்.”

அவன் டயர் தேய்ந்திருப்பதைச் சொன்னான், ரோடு குண்டும் குழியுமாக இருப்பதைச் சொன்னான், தீவின் நடுவில் முட்டிக்கொண்டு நிற்கும் மூன்று கரிய மலைகளையும் கடலுக்குள் வெட்டி இறங்கும் பாறைகளையும் காட்டி இது மனுசன் சுற்றிப் பார்க்கிற இடமா என்று கேட்டான். அவள் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டிவிட்டு வண்டியில் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

அப்படித்தான் கிளம்பினார்கள், எங்கே போகிறோம் எங்கே தங்குகிறோம் என்று ஒன்றும் தெரியாமல். பாறை மறைப்பில் கம்பு ஊன்றித் தார்ப்பாயைக் கட்டினார்கள், காற்று பிய்த்தெறிந்தால் வேறு பாறைக்கு மாறினார்கள், ஊர் விருந்து ஆக்கும் அண்டாவின் அடியில் இரண்டு பேருக்குக் கஞ்சி வைத்தார்கள். வடிவு நடந்தாள். ஒற்றையடிப் பாதை கண்ட இடத்திலெல்லாம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள், இறங்கினாள், முள் கிழித்த காலோடு வந்து அங்கே ஓர் ஊற்று இருக்கிறது, இங்கே ஒரு குகை இருக்கிறது என்று சொன்னாள். சந்தனராஜுக்கு முழங்கால் வலி. அவன் வண்டியடியில் இருந்துகொண்டு கண்ணுக்கு மேல் கைவைத்து அவள் போன திக்கையே பார்த்துக்கொண்டிருப்பான்.

மேலக்கொம்பு என்ற ஊரின் ஓரத்தில், அந்த மூன்று பெரிய மலைகளுக்குப் பக்கத்தில், அவற்றோடு சேர்த்து எண்ண யாருக்கும் மனம் வராத சின்ன மலை ஒன்று இருந்தது. உச்சியில் ஒரு செல்போன் டவரும் சரிவில் கொஞ்சம் ஆடுகளுமாக, குட்டையாக, அகலமாக, முன்னால் கொஞ்சம் தொப்பை தள்ளி நின்றது. ஊரில் அதற்குக் கட்டையன் என்று பெயர். பெரிய மலைகளைப் பார்க்க வருகிறவர்கள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்பார்கள். வடிவு அதன் மேல் ஏறினாள். காலையில் போனவள் பொழுது சாயும்போது திரும்பி வந்தாள், தலையெல்லாம் செம்மண், முகம் எண்ணெய் தேய்த்த குத்துவிளக்கு மாதிரி இருந்தது. மேலே என்ன இருந்தது என்று அவன் கேட்டான். நன்றாக இருந்தது என்றாள். அதற்கு மேல் அவள் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை, அண்டாவைத்தான் இரண்டு தடவை கழுவினான்.

மறுநாள் வண்டியைக் கிளப்பித் தெற்குப்புளி என்ற ஊருக்குப் போய்க் கடலோரம் தார்ப்பாய் கட்டிப் படுத்தார்கள். விடிந்தபோது வெயில் வரவில்லை. சந்தனராஜ் வெளியே வந்து பார்த்தான். தார்ப்பாய்க்குப் பின்னால், ஆள் கூப்பிடு தூரத்தில், டவரும் ஆடுகளுமாகக் கட்டையன் நின்றுகொண்டிருந்தது.

தெற்குப்புளிக்காரர்கள் அதற்குள் எழுந்துவந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். வலை காயப்போட்டிருந்தவர்கள் அதை நிழல் படாத பக்கம் மாற்றிப் போட்டார்கள். டீக்கடைக்காரர் பெஞ்சை நிழல் பட்ட பக்கம் மாற்றிப் போட்டார். டவர் பக்கத்திலேயே வந்துவிட்டதால், வெளியூரில் மகன் இருக்கிறவர்களெல்லாம் வீட்டுக்குள் படுத்தபடியே போன் பேசினார்கள். முதல் மினிபஸ்ஸில் மேலக்கொம்பிலிருந்து தங்கபுஷ்பம் என்ற பெண்பிள்ளை தூக்குவாளியோடு வந்து இறங்கினாள். சரிவில் மேய்ந்த ஆடுகள் அவளுடையவை. பால் கறந்துவிட்டுக் கீழே வந்து, இனிமேல் இப்படித்தான் போலிருக்கிறது, நாளைக்கு எந்த ஊரில் தங்குவீர்கள் என்று முன்னாலேயே சொல்லிவிட்டால் பஸ் ஏற வசதியாக இருக்கும் என்று வடிவிடம் கேட்டாள். அவ்வளவுதான் விசாரணை.

சந்தனராஜ் மட்டும் விசாரித்தான்.

“முந்தாநாள் மேல ஏறிப் போயி என்ன செஞ்ச?”

“உக்காந்திருந்தேன்.”

“யார்கிட்டயும் ஏதும் பேசுனியா?”

“அங்க யாரு இருக்கா? அதுகிட்டதான் பேசுனேன். இத்தனை காலமா நின்னுக்கிட்டே இருக்கியே, கால் வலிக்கலையான்னு கேட்டேன். வேற ஒண்ணும் இல்ல அத்தான்.”

வேற ஒண்ணும் இல்ல என்று அவள் சொன்னது அவன் நெஞ்சில் குத்தி நின்றது. நாளெல்லாம் பந்தலடியில் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால் அவள் அவனைக் கேட்கிற கேள்வி அது. கால் வலிக்கா அத்தான் என்பாள், எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வருவாள், அவன் ம் என்பான். கல்யாணமான நாள் முதல் அது அவனுக்கு மட்டும் உள்ள கேள்வி என்றுதான் நினைத்திருந்தான். அதைத் தூக்கி ஒரு மலைக்குக் கொடுத்திருக்கிறாள். அதுவும் தன்னைவிட லட்சணமான ஒரு மலை என்றாலும் மனசு ஆறியிருக்கும். பக்கத்திலேயே மூன்று இருந்தன.

அன்றிலிருந்து அவர்கள் போன இடமெல்லாம் கட்டையனும் போயிற்று. அது நடப்பதை யாரும் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் டீயை ஆற்றிவிட்டுத் திரும்பினால் முன்பு இருந்த இடத்துக்குக் கொஞ்சம் இப்பால் இருக்கும், மேய்ந்துகொண்டே வருகிற எருமை மாதிரி. ரோட்டோரத்து ஊர்கள் அதற்குத் தோதாகத் தயாராயின. வைக்கோல் படப்பை ஒதுக்கிவைத்தார்கள், தாழ்ந்து தொங்கிய கரண்ட் வயரை உயர்த்திக் கட்டினார்கள், வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டார்கள். மினிபஸ் ஓட்டும் ஜெபமணி மலையைக் கண்டால் ஒதுங்கி நிறுத்துவார். மலைக்கு ஹார்ன் அடிப்பது மரியாதையில்லை என்பது அவர் எண்ணம். கட்டையன் விட்டுவிட்டு வந்த மேலக்கொம்பில் இப்போது காலை வெயில் நேராக வீட்டுக்குள் விழுந்தது, மலை இருந்த வெற்றிடத்தில் கருவாடு காயப்போட்டிருந்தார்கள், கருவாடு காய்கிற வரைக்கும் அவசரப்பட்டுத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்று வடிவுக்குச் சொல்லிவிட்டிருந்தார்கள்.

எல்லாம் வடிவுக்குத்தான். பெண்கள் குழம்புச் சட்டியோடு வந்து அவளைச் சுற்றி உட்கார்ந்து, அது தூங்கும்போது சத்தம் வருமா, மழை பெய்தால் ஒதுங்குமா என்று கேட்டார்கள். அவள் சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னாள். சந்தனராஜிடம் ஆண்கள் காட்டியது வேறு விதமான மரியாதை. அவன் வந்து உட்கார்ந்தால் பேச்சை நிறுத்துவார்கள், கூடுதலாக ஒரு வடையை அவன் தட்டில் வைப்பார்கள், தோளைத் தட்டிவிட்டுப் போவார்கள். அந்த வடைதான் அவனுக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

ஒருநாள் விடியும் முன்பே சாமான்களை அள்ளிப்போட்டு வண்டியைக் கிளப்பினான். வடிவு ஏன் என்று கேட்கவில்லை. நாளெல்லாம் ஓட்டினான். பாலத்தில் பறந்தான், பள்ளத்தில் விழுந்து எழுந்தான், பின்னால் அண்டாக்கள் ஒன்றோடொன்று மோதி அழுதன, கண்ணாடியில் கட்டையன் சிறுத்துச் சிறுத்துக் கொட்டாங்கச்சி அளவாகி, பிறகு காணாமலும் போயிற்று. தீவின் மறுபக்கத்தில், மனித வாடையே இல்லாத ஒரு பாறைக் கரையில் வண்டியை நிறுத்தி, அன்றைக்குத்தான் அவன் வாய்விட்டுப் பேசினான், அவளுக்கு மீன் சுட்டுக் கொடுத்தான், பழைய கதையெல்லாம் சொன்னான். காலையில் தார்ப்பாயை விலக்கினால், பனி சொட்டச் சொட்டக் கட்டையன் எதிரில் நின்றது. வட்ட ரோடு அல்லவா. அது மறுபக்கமாகச் சுற்றிவந்து இவர்களுக்கு முன்னாலேயே இடம் பிடித்து நின்றிருந்தது. பின்னால் வந்தபோதாவது பின்னால் வருகிறவன்தானே என்ற ஆறுதல் இருந்தது. முன்னால் போய்க் காத்திருப்பதை அவனால் பொறுக்க முடியவில்லை. அதைவிடப் பெரிது, தார்ப்பாய்க்குள்ளிருந்து வந்த வடிவு, அதைப் பார்த்ததும் வாயில் முந்தானையை வைத்து மறைத்துக்கொண்ட சிரிப்பு.

நண்டுப்பாறை என்ற ஊரை அடைந்த அன்று, அவள் ஓடையில் துணி துவைக்கப் போயிருந்த உச்சிப் பொழுதில், சந்தனராஜ் முழங்கால் வலியோடு கட்டையன் மேல் ஏறினான். சண்டை போடத்தான் ஏறினான். ஒரு பாறையை உதைத்தான். பெருவிரல் நகம் பெயர்ந்தது. உச்சிக்குப் போய் டவர் நிழலில் நின்று கீழே பார்த்தான். ஓடைக்கரையில் வடிவு நெல்லிக்காய் அளவுக்குத் தெரிந்தாள், சேலையைப் பிழிந்தாள், நிமிர்ந்து இடுப்பில் கை வைத்து மலையைப் பார்த்தாள். இதுவரை அவனை அவள் அப்படிப் பார்த்ததாக அவனுக்கு ஞாபகம் இல்லை. அப்போதுதான் அந்தப் பொய் அவன் வாயில் வந்தது.

“அவ உன்னைப் பாத்துப் பயப்படுதா. சொல்ல மாட்டாம சிரிச்சிக்கிட்டு இருக்கா. இனிமே அவ பின்னால வராத.”

அவன் காலடியில் இருந்த சின்னக் கல் ஒன்று உருண்டு, கொஞ்சம் நின்று, மறுபடி உருண்டு கீழே போயிற்று. இறங்கும்போதுதான் அவனுக்குப் பட்டது: ஏறினபோது சரிவு அவனுக்குக் கஷ்டமாகவே இல்லை. முழங்கால் வலிக்காரன் வருகிறான் என்று அது முதுகைத் தாழ்த்திக் கொடுத்திருக்கிறது. அதுவும் அவனுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் கட்டையன் நண்டுப்பாறைக் கணவாயில் உட்கார்ந்துவிட்டது. நிற்கவில்லை, உட்கார்ந்தது, தொப்பை இன்னும் அகன்று இரண்டு பக்கப் பாறையையும் தொட்டது. ஊருக்கு வரும் ஒரே ஓடை அந்தக் கணவாய் வழிதான் வந்தது, ரோடும் அந்த வழிதான் போயிற்று. ஊர் முதலில் இதையும் ஏற்றுக்கொண்டது. ஜெபமணி இந்தப் பக்கத்தோடு பஸ்ஸை நிறுத்திக்கொள்ள, அந்தப் பக்கம் இன்னொரு பஸ் நிற்க, சனங்கள் பையும் கோழியுமாக மலை ஏறி இறங்கிப் பஸ் மாறினார்கள். தங்கபுஷ்பம் ஏறுகிறவர்களுக்கு மோர் கொடுத்தாள். ஆனால் ஓடை நின்றதும் கிணற்றில் வாளி தரையைத் தட்டியது. குடத்தோடு வந்த பெண்கள் குடத்தோடு திரும்பினார்கள்.

வடிவு மலையடிவாரத்துக்குப் போய்விட்டுப் போய்விட்டு வந்தாள். பேசிப் பார்த்தாளாம், ஒன்றும் அசையவில்லையாம். சோற்றைப் பிசைந்துவைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தாள். நான் என்ன சொல்லிவிட்டேன், எதற்குக் கோபித்துக்கொண்டது என்று அவனைக் கேட்கவில்லை, அடுப்பைப் பார்த்துக் கேட்டாள். தான் கேட்டபடியே எல்லாம் நடந்திருந்தும் சந்தனராஜுக்கு ஒரு வாய் கஞ்சி இறங்கவில்லை. அவள் சிரித்தபோது எரிந்த இடம் இப்போதும் எரிந்தது. அந்த மலைக்காக அவள் வாடுகிறாள் என்பது அவள் சிரித்ததைவிட மோசமாக இருந்தது.

கடல் படுத்தது. மறுநாள் பகலில் லாஞ்சி ஓடும் என்று சேதி வந்தது. விடிந்ததும் சந்தனராஜ் சாமான்களை ஏற்றினான். வடிவு ஏறவில்லை.

“நீங்க போங்க அத்தான். அது எந்திரிக்கிற வரைக்கும் நான் வரல.”

“ஒரு மலைக்காகவா?”

“என் பின்னாலதான வந்துச்சு. உக்காந்ததும் விட்டுட்டுப் போனா அது என்ன நியாயம்?”

அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவன் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பான். அந்தச் சமயத்தில் நண்டுப்பாறைக்காரர்கள் வந்து நின்றார்கள், கையில் வெறுங்குடம், முகத்தில் கோபம் இல்லை. தங்கபுஷ்பம்தான் முன்னால் வந்தாள். ஊரில் யாரும் எதையும் பார்த்திருக்கவில்லை, யாரும் அவளிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை. ஆனாலும் அவள் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் மாமியாரோடு முறைத்துக்கொண்டு போன மருமகனிடம் பேசுகிற பக்குவத்தில், நீங்களே போய் ஒரு வார்த்தை கூப்பிட்டால் அது எழுந்துவிடும், வேறு யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்காது என்றாள். சந்தனராஜ் வண்டிச் சாவியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தான். பிறகு அதை ஜெபமணியிடம் கொடுத்துவிட்டு, பெருவிரலில் துணி சுற்றிய காலோடு கணவாயைப் பார்த்து நடந்தான்.

அடிவாரத்தில் போய் நின்றான். எதிராளியை வீட்டுக்கு அழைக்கப் போகிறவன் நிற்கிற மாதிரி நின்றான். அவள் பயப்படவில்லை, உன்னைத் தேடுகிறாள், எழுந்திரு என்று சொன்னான். மலை அசையவில்லை. ஊர் தண்ணீர் இல்லாமல் கிடக்கிறது என்றான். அசையவில்லை. லாஞ்சிக்கு நேரமாகிவிட்டது என்றான். அது அவனுக்கே வெட்கமாக இருந்தது. ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தான். மேலே ஆடுகள் தழையைக் கடிக்கிற சத்தம் கேட்டது. கடைசியில், யாரிடமும் சொல்லியிராத ஒன்றை, தனக்கேகூடச் சொல்லிக்கொண்டிராத ஒன்றை, அந்தக் குட்டை மலையைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னான்.

“எனக்கு அவ முன்னால போயித்தான் பழக்கம். எங்க போனாலும் நான் முன்னால, அவ பின்னால. அவ பின்னால போவ எனக்குத் தெரியல. நீ ஒரே நாள்ல படிச்சிட்ட. அதான் எனக்குப் பொறுக்கல.”

முதலில் ஆடுகள் தலையைத் தூக்கின. பிறகு அவன் உட்கார்ந்திருந்த கல் குளிர்ந்தது, காலடியில் ஈரம் பரவியது, தேங்கிக் கிடந்த ஓடை மொத்தமும் அவன் கணுக்காலை நனைத்துக்கொண்டு ஊரைப் பார்த்து ஓடியது. அவன் நிமிர்ந்தபோது கணவாய் திறந்திருந்தது, கட்டையன் அவனுக்குப் பக்கத்தில் எழுந்து நின்றுகொண்டிருந்தது. அதே நேரத்தில் தூரத்தில், துறைப் பக்கம், லாஞ்சி ஊதிக் கிளம்புகிற சத்தம் கேட்டது.

அவன் திரும்பி வந்தபோது வடிவு சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். அவன் நனைந்த வேட்டியையும் மலையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பிசைந்து வைத்திருந்த சோற்றில் பாதியை அவன் தட்டில் தள்ளினாள். பிறகு, வடக்குமுனை ஒன்றுதான் பாக்கி, அங்கே ரோடு கிடையாது, நடந்துதான் போகவேண்டும் என்றாள். முழங்காலை அவன் சொல்லவில்லை. வண்டியை ஜெபமணி வீட்டில் விட்டுவிட்டு ஒரு தார்ப்பாயையும் ஒரு சின்னப் பாத்திரத்தையும் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள்.

அந்த நடையைத்தான் தீவில் இன்றைக்கும் அதிகமாகச் சொல்கிறார்கள். முன்னால் செண்பகவடிவு, முள்ளை ஒதுக்கிக்கொண்டு, பாறைக்குப் பாறை தாவிக்கொண்டு. அவளுக்குப் பின்னால் ஆறடி ஆள் ஒருவன், நொண்டிக்கொண்டு. அவனுக்குப் பின்னால் டவரும் ஆடுகளும் தங்கபுஷ்பமுமாக ஒரு மலை. விறகு பொறுக்குகிறவர்கள் வழிவிட்டு நின்று, மலையும் மாப்பிள்ளையும் போகிறார்கள் என்றார்கள். மலையின் பெயரை முதலில் சொன்னது அவன் காதில் விழுந்தது. அதற்குப் பின் அவன் ஒரு காரியம் செய்தான்: அடிக்கடி ஓரக்கண்ணால் பார்த்து, அதைவிட ஓர் அடியாவது தான் முன்னால் இருக்கும்படி பார்த்துக்கொண்டான். அது நெருங்கினால் இவன் எட்டிப் போட்டான். அது நின்றால் இவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூச்சு வாங்கினான். வழியில் அவ்வப்போது வடிவு நின்று திரும்பிப் பார்ப்பாள், பார்த்துவிட்டு நடப்பாள்.

வடக்குமுனையில் கொஞ்சம் மீனவர் வீடுகள் இருந்தன. காற்று ஓயாத இடம். கூரை பறக்காமல் இருக்கக் கயிற்றில் கல் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். சனங்கள் சாய்ந்தே நடந்து பழகியிருந்தார்கள், பேசினால் பாதிப் பேச்சைக் காற்று கொண்டுபோய்விடும் என்பதால் எதையும் இரண்டு தடவை சொல்வார்கள். கட்டையன் அந்த வீடுகளைப் பார்த்தது. மெல்லச் சுற்றிப் போய், கடலுக்கும் வீடுகளுக்கும் நடுவில் நின்றது. காற்று நின்றது. ஒரு பெண் வாசலுக்கு வந்து, கையால் மறைக்காமல் விளக்கேற்றிப் பார்த்தாள். சுடர் நேராக நின்றது. ஆண்கள் ஏணி வைத்து ஏறிக் கயிறுகளை அவிழ்த்தார்கள். நிமிர்ந்து நடக்கத் தெரியாமல் ஒரு கிழவர் இரண்டு தடவை விழுந்து எழுந்தார். கட்டையன் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. கணவாயில் உட்கார்ந்த மாதிரி இல்லை, வீட்டுக்கு வந்தவன் உட்கார்கிற மாதிரி. தங்கபுஷ்பம் ஒரு வீட்டில் ஆட்டுப்பட்டி போட இடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் வடிவு ஒரு தடவை மேலே ஏறி இறங்கினாள். சந்தனராஜ் கீழே தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தான். என்ன பேசினாய் என்று கேட்கவில்லை, ஆனால் முடிச்சுகள் தேவைக்கு மேல் இறுகிப்போயின.

காலையில் இருவரும் கிளம்பினார்கள். முதல் மேடு ஏறியதும் அவன் திரும்பிப் பார்த்தான். கட்டையன் அங்கேயே இருந்தது. இரண்டாவது மேட்டிலும் பார்த்தான். வெயில் பட்டு டவர் மின்னியது. அது அசையவில்லை.

“வரலையே,” என்றான்.

“வராது அத்தான். அதுக்கு அங்கன வேலை இருக்கு.”

அவனுக்குக் கோபம் வந்தது, நியாயமான கோபம், அவளுக்காக வந்த கோபம். இத்தனை நாள் ஊரறியப் பின்னால் வந்துவிட்டு, நாலு வீட்டைக் கண்டதும் ஒரு வார்த்தை சொல்லாமல் உட்கார்ந்துகொள்வதா, இவளை என்னவென்று நினைத்தது, திரும்பிப் போய் நன்றாக நாலு கேள்வி கேட்டுவிட்டு வரவா என்று இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தான். அழவில்லை, சிரிக்கவும் இல்லை, பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சுமையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு, பாதை அகலமாக இருந்தும், அவளுக்குப் பின்னால் போய் நடக்க ஆரம்பித்தான்.

கொஞ்ச தூரம் போனதும் வடிவு நின்றாள்.

“பக்கத்துல வாங்க. திரும்பித் திரும்பிப் பாத்து எனக்குக் கழுத்து வலிக்கி.”

அவன் பக்கத்தில் போனான். கீழே கடல் எண்ணெய் மாதிரி படுத்திருந்தது, அடுத்த லாஞ்சிக்கு நேரம் கிடந்தது, இரண்டு பேர் நிழலும் ஒன்றாகப் பாறையில் விழுந்து ஏறி இறங்கி வந்தன. வடக்குமுனைக்கு வருகிற வழியெல்லாம் அவள் நின்று நின்று திரும்பிப் பார்த்தது எதை என்ற கேள்வி அவனுக்குள் எழுந்தது. பின்னால் வந்த மலையையா, அதற்கு ஓர் அடி முன்னால் நொண்டிக்கொண்டு வந்த தன்னையா? கேட்டுவிடலாம்தான். கேட்டால் அவள் பொய் சொல்லமாட்டாள். சந்தனராஜ் கேட்காமலே நடந்தான்.